நாலாம் புத்தகத்தில் வண்டி நிற்பது ஏன்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் எட்டுப் பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கிளை நூலகத்தில் கூடுகிறீர்கள். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' ஃபேன்டஸி நாவல் வரிசையில் முதல் மூன்று புத்தகங்கள் தூக்கத்தைக் கெடுத்தன. நாலாவதான 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' வந்ததும் மூன்று பேர் பாதியில் மூடி வைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் இருப்பதிலேயே இதுதான் உசத்தி என்று அடித்துச் சொல்கிறார். மற்றவர்கள் இதை வைத்து எடுத்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடரைப் பார்த்தாச்சு, நேராக ஐந்துக்குத் தாவிடலாம் என்கிறார்கள். "புத்தகம் மொக்கையா, இல்ல நாங்க படிச்ச விதம் தப்பா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: ஒரே புத்தகத்துக்கு எட்டுப் பேர் எட்டு மாதிரி சொல்லும்போது எதை எடுத்துக்கொள்வது, எதைக் கழிப்பது? அதற்கு வழி கிடைத்தால் முதல் கேள்வி பாதி கரைந்துவிடும்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். மூன்றாம் புத்தகம் 2000இல் வந்தது, நாலாவது 2005இல். கதைக்குள் 5 ஆண்டுகளைத் தாண்டிக் குதித்துவிட்டு மேலே போவதுதான் மார்ட்டினின் முதல் திட்டம். எழுதிப் பார்த்துவிட்டு அதைக் கைவிட்டார். பிறகு எழுதியது ஒரு புத்தகத்துக்குள் அடங்காமல் பெருத்துப்போக, இரண்டாகப் பிளந்தார். பிளந்த விதத்தில்தான் உங்கள் சண்டையின் வேர் இருக்கிறது. முதல் பாதிக் காலம் ஒரு புத்தகம், இரண்டாம் பாதிக் காலம் இன்னொன்று என்று வெட்டவில்லை. ஊர் வாரியாக, ஆள் வாரியாக வெட்டினார். தலைநகரம், ஆற்று நாடு, டோர்ன், இரும்புத் தீவுகள் எல்லாம் நாலாவதற்கு வந்தன. டிரியன், டேனெரிஸ், ஜான் ஸ்னோ, பிரான், டாவோஸ் ஐவரின் அத்தியாயங்களும் ஐந்தாவதற்குப் போய்விட்டன. ஜான் மட்டும் சாம்வெலின் அத்தியாயத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போகிறார். மற்றவர்கள் அடுத்த ஆண்டு வருவார்கள் என்று நம்புவதாகக் கடைசியில் ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். ஐந்தாவது வந்தது 2011 ஜூலையில்.

இப்போது எண்ணிப் பாருங்கள். முன்னுரையைச் சேர்த்து 46 அத்தியாயம். முன்னுரை போக மீதி 45இல் ராணி செர்ஸிக்கு 10, வாளேந்திய வீராங்கனை பிரியெனுக்கு 8, செர்ஸியோடு இரட்டையாகப் பிறந்த ஜேமிக்கு 7, சாம்வெலுக்கு 5, ஆர்யாவுக்கும் சான்ஸாவுக்கும் ஆளுக்கு 3, இரும்புத் தீவுக்காரர்களுக்கு 5, டோர்னுக்கு 4. அதாவது செர்ஸி, பிரியென், ஜேமி மூவருக்கு மட்டும் 25. பாதிக்கு மேல். இந்த மூவரில் இருவர் அதுவரை ஒரு அத்தியாயம்கூடத் தங்கள் வாயால் சொன்னதில்லை. ஜேமியும் மூன்றாவதில்தான் உள்ளே வந்தார். மூன்று புத்தகமாக நாம் வெளியிலிருந்து பார்த்து வெறுத்த ஒரு பெண்ணின் மண்டைக்குள் 10 அத்தியாயம் குடியிருக்கச் சொல்கிறார் ஆசிரியர். இந்தக் குடித்தனம் ஒத்துவந்தவருக்குப் புத்தகம் பிடிக்கும், ஒத்துவராதவருக்குப் பிடிக்காது. உங்கள் வட்டத்தில் 'சிறந்தது' என்று சொன்னவரிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் செர்ஸி அல்லது ஜேமியின் பெயரைத்தான் சொல்வார்.

நிறுத்தியவர்கள் எங்கே நிறுத்தினார்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. முதலில் விசாரிக்க வேண்டியது அதைத்தான். இந்தப் புத்தகத்தில் ஆட்கள் இறங்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, வாசலிலேயே. முன்னுரை ஓல்ட்டவுன் நகரில் ஒரு பயிற்சி மாணவனோடு தொடங்குகிறது. அடுத்தது இரும்புத் தீவின் பூசாரி ஏரன். அதற்கடுத்து டோர்னின் காவலன் ஆரியோ ஹோட்டா. கதை சொல்லும் மூன்று பேருமே புதியவர்கள், மூன்று ஊர். அத்தியாயத் தலைப்பிலும் ஆள் பெயர் இல்லாமல் 'தீர்க்கதரிசி', 'காவலர் தலைவன்' என்கிற மாதிரி பட்டம்தான் போட்டிருக்கும். முந்தைய புத்தகத்தின் கடைசியில் அத்தனை கலவரத்தைப் பார்த்துவிட்டு, டிரியன் என்ன ஆனார் என்று ஓடிவருகிற வாசகருக்கு இது எரிச்சலூட்டாமல் என்ன செய்யும்? தெரிந்த முகம் செர்ஸிதான், அவரும் நாலாவதாகத்தான் வருகிறார். வாசலில் இறங்கியவர்களுக்கு மருந்து எளிது. ஒரு அரைத்தாளில் ஊர் மூன்று, ஊருக்கு நாலு பெயர் எழுதிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முன்னுரையில் வரும் பையனின் பெயரையும் அதில் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். கடைசி அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தத் தாளைத் தேடுவார்கள். வேகமாகப் படித்தவர்களில் நிறையப் பேர் அந்த இடத்தைக் கவனிக்காமலே தாண்டியிருப்பார்கள்.

இரண்டாவது இடம் நடுவில், பிரியெனின் பாதையில். "நடக்குறா, நடக்குறா, நடந்துக்கினே கீறா" என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இதைவிடச் சரியாக அந்தக் குறையைச் சொல்ல முடியாது. பிரியென் தேடிப்போவது சான்ஸாவை. சான்ஸா எங்கே இருக்கிறாள் என்பது மூன்றாவதிலிருந்தே நமக்குத் தெரியும். எனவே கிடைப்பாளா மாட்டாளா என்ற பதைப்பு முதல் அடியிலேயே செத்துவிடுகிறது. இது புத்தகத்தின் உண்மையான பலவீனம், வாசகரின் அவசரம் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் அதே பாதையில்தான் ஆசிரியர் வேறொன்றைக் காட்டுகிறார். மூன்று புத்தகமாக ராஜாக்கள் மோதியதில் வயல், கிணறு, சத்திரம், கோயில் எல்லாம் என்ன கதிக்கு ஆளாயின என்பதை இந்த எட்டு அத்தியாயத்தில்தான் நின்று பார்க்கிறோம். பிரியெனின் ஐந்தாம் அத்தியாயத்தில், ஊர் ஊராகச் சுற்றும் ஒரு சாமியார் மெரிபால்ட், சண்டையிலிருந்து தப்பிக் காட்டில் திரியும் 'உடைந்த மனிதர்கள்' பற்றிப் பேசுகிறார். அண்ணன் தம்பியோடு ஜாலியாகக் கிளம்பிப் போன கிராமத்துப் பையன் எப்படி மிருகமாகிறான் என்று படிப்படியாகச் சொல்கிற பேச்சு அது. இந்த வரிசை முழுவதிலும் எனக்கு அதைவிடப் பெரிய இடம் கிடையாது. நிறுத்திய மூவரும் அதற்கு முன்னாலேயே நிறுத்தியிருந்தால், அடுத்த கூட்டத்தில் அந்த இரண்டு மூன்று பக்கத்தை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். அதன் பிறகும் 'போரடிக்குதுபா' என்றால் அந்தக் கருத்துக்கு முழு மதிப்பு கொடுங்கள்.

செர்ஸியின் அத்தியாயங்களில் வரும் புகார் வேறு ரகம்: "இவ்ளோ முட்டாளா இவ?" கேட்பவர் பாதி கண்டுபிடித்துவிட்டார் என்று அர்த்தம். அங்கே வாசகர் செர்ஸியைவிட ஒரு அடி முன்னால் இருக்கும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. அவர் யாரை நம்புகிறாரோ அவர்தான் ஏமாற்றுவார் என்று நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரிவதில்லை. சின்ன வயதில் கேட்ட ஒரு குறி அவரை ஆட்டிவைப்பதும் இந்தப் புத்தகத்தில்தான் முதன்முதலாக வெளிவருகிறது. அதைத் தவிர்க்க அவர் எடுக்கும் ஒவ்வொரு நடவடிக்கையும் எங்கே கொண்டுபோகிறது என்று பார்த்தால் முட்டாள்தனம் என்பது பயமாக மாறித் தெரியும். இதற்கு மேல் சொன்னால் படிக்காதவர்களுக்குத் துரோகம்.

காலத்துக்கு வருவோம். இணையத்தில் இந்தப் புத்தகத்தைப் பற்றிப் படிக்கும்போது எழுதியவரின் கருத்துக்கு முன்னால் தேதியைப் பாருங்கள். 2005க்கும் 2011க்கும் நடுவில் எழுதியவர்கள் 5 ஆண்டு காத்திருந்து பாதிக் கதையை வாங்கினவர்கள், மீதிக்கு இன்னொரு 6 ஆண்டு காத்திருந்தவர்கள். அந்தக் கோபம் நியாயமானது, ஆனால் உங்களுக்கு அது பொருந்தாது. உங்கள் அலமாரியில் ஐந்தாவது ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. 2011க்குப் பிறகு மொத்தமாக வாங்கித் தொடர்ச்சியாகப் படித்தவர்களின் பேச்சில் சூடு குறைந்திருப்பதைக் காணலாம். ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' வரிசையில் பத்தாவதுக்கும் இதே கதைதான். 2003இல் வந்த அந்தப் புத்தகத்தின் பெரும்பகுதி, ஒன்பதாவதின் முடிவில் நடந்த ஒரு பெரிய காரியத்தை மற்றவர்கள் தூரத்திலிருந்து எப்படி உணர்ந்தார்கள் என்பதையே சொல்லிக்கொண்டிருக்கும். காத்திருந்து வாங்கியவர்கள் கடுப்பானார்கள். 14 புத்தகமும் கையில் இருப்பவர் அதை ஒரு வாரத்தில் கடந்து போய்விடுகிறார். நம் ஊரிலும் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தபோது படித்தவர்களும், ஐந்து பாகத்தையும் ஒரே மூச்சில் படிக்கும் இன்றைய ஆட்களும் ஒரே புத்தகத்தைப் படித்ததாகச் சொல்ல முடியாது. கதை முடிந்ததும் அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் துளைத்தெடுக்க, கல்கியே முடிவுரையில் பதில் எழுத வேண்டிவந்தது.

கதை நடுவில் ஓட்டம் குறைவது நமக்குப் புதிதும் இல்லை. மகாபாரதத்தில் ஆரணிய பருவத்தை நினைத்துப் பாருங்கள். சூதாட்டம் முடிந்துவிட்டது, போர் தொடங்கவில்லை, பாண்டவர்கள் காட்டில் திரிகிறார்கள், வருகிற முனிவர்கள் எல்லாம் கதை சொல்கிறார்கள். நளன் கதையும் சாவித்திரி கதையும் அங்கேதான் வருகின்றன. அதைக் கேட்டு வளர்ந்த நாமே 'கதை நகரலையே' என்று ஒரு மேல்நாட்டுக்காரரைத் திட்டுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

அப்புறம், கையில் இருக்கும் பிரதி. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கியது ஒன்று, ஆன்லைனில் பெட்டியோடு வாங்கியது ஒன்று, நடைபாதையில் வாங்கிய திருட்டு அச்சு ஒன்று என்று எட்டுப் பேரிடமும் எட்டு ரகம் இருக்கும். பிரிட்டிஷ் பதிப்புக்கும் அமெரிக்கப் பதிப்புக்கும் பக்க எண் ஒத்துப்போகாது. அத்தியாயங்களுக்கும் எண் கிடையாது. '412ஆம் பக்கம்' என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் வேறெங்கோ புரட்டிக்கொண்டிருப்பார்கள். 'செர்ஸி ஐந்தாவது', 'பிரியென் ஐந்தாவது' என்று ஆள் பெயரும் வரிசையும் சொல்லிப் பழகுங்கள். பிரிட்டிஷ் பேப்பர்பேக்கில் மூன்றாவதையும் ஐந்தாவதையும் இரண்டிரண்டாகப் பிரித்து விற்பதால் பெட்டிக்குள் 7 புத்தகம் இருக்கும். அதில் நாலாம் கதை ஐந்தாவது இடத்தில் நிற்கும். உங்கள் வட்டத்தில் 'ஐந்தாவது' என்று பேசும்போது எல்லோரும் ஒன்றைத்தான் சொல்கிறீர்களா என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். திருட்டு அச்சில் ஒரு ஃபாரமே, அதாவது 16 பக்கம் மொத்தமாக, விட்டுப்போவதும் இடம் மாறிக் கோக்கப்படுவதும் உண்டு. வாக்கியம் பாதியில் அறுந்து அடுத்த பக்கத்தில் வேறு ஊர் தொடங்கினால் குற்றம் ஆசிரியருடையது இல்லை. பின்னால் இருக்கும் குடும்பப் பட்டியல் அதில் படிக்க முடியாத அளவுக்கு மங்கலாக இருக்கும். இந்தப் புத்தகத்துக்கோ அந்தப் பட்டியல் இல்லாமல் தீராது. கும்மிடிப்பூண்டி ரயிலில் ஆடியோவாகக் கேட்பவருக்கும் இதே சிக்கல்தான். பெயர்கள் காதில் விழும், கண்ணில் பதியாது. விக்டேரியனா, அவர் தம்பி ஏரனா என்று குழம்பும். அவருக்கும் அந்த அரைத்தாள் தேவை.

டிவி தொடர் பார்த்தவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 2015இல் வந்த ஐந்தாம் சீசன் நாலாவது, ஐந்தாவது புத்தகங்களைக் கலந்து, நிறைய வெட்டி எடுக்கப்பட்டது. டோர்ன் அத்தியாயங்களின் மையமான இளவரசி ஆரியான் தொடரில் கிடையவே கிடையாது. விக்டேரியனும் கிடையாது. பிரியெனின் பாதையே வேறு. எனவே 'பார்த்தாச்சு' என்பது இந்தப் புத்தகத்துக்குச் செல்லாது.

ஐந்துக்குத் தாவலாமா? கூடாது. ஐந்தாவதின் முதல் பாதி, நாலாவது நடக்கும் அதே காலத்தில் நடக்கிறது. சாம்வெலும் ஜானும் பேசும் ஒரே பேச்சு இரண்டு புத்தகத்திலும் இரண்டு பக்கத்திலிருந்து வரும். அதுவரை சமாளித்துவிடலாம். பாதிக்கு மேல் காலம் நாலாவதைத் தாண்டியதும் செர்ஸி, ஜேமி, ஆர்யா, விக்டேரியன், ஹோட்டா எல்லோரும் திரும்பி வருகிறார்கள். அவர்கள் எந்த நிலையில் விடப்பட்டார்கள் என்று தெரியாமல் அங்கே ஒரு அடி வைக்க முடியாது. ஆரியானின் தம்பி குவென்டின் எதற்காகக் கடல் கடந்து போகிறான் என்பது ஆரியானின் கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. சரி, சிலதை மட்டும் விட்டுவிடலாமே என்றால், ஆர்யாவையும் சான்ஸாவையும் விட்டால் மிச்சமாவது 6 அத்தியாயம்தான். கணிசமாக மிச்சம் பிடிக்க பிரியெனைத்தான் வெட்ட வேண்டும். அங்கேதான் சாமியாரின் பேச்சு இருக்கிறது.

இரண்டையும் பின்னிப் படிக்க வாசகர்களே தயாரித்த அத்தியாய வரிசைகள் உண்டு. 46ம் 73ம் சேர்ந்து 119 அத்தியாயம். இரண்டாம் முறை படிப்பவர்களுக்கு அது நல்ல விருந்து. முதல்முறைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு புத்தகமும் ஏறி முடியும் இடம் அதில் கரைந்துபோகிறது. எட்டுப் பேர் வட்டத்தில் 119ஐ முடிப்பதற்குள் நாலு பேர்தான் மிஞ்சுவார்கள்.

அடுத்த கூட்டத்தை இப்படி நடத்திப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். பேச்சைத் தொடங்கும் முன் 10 நிமிடம் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு: எந்த அத்தியாயத்தில் நிறுத்தினேன், யார் அத்தியாயம் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்தேன், யார் அத்தியாயத்தின் நடுவில் போனைக் கையில் எடுத்தேன், மூன்றாவதை முடித்து எத்தனை நாள் கழித்து இதைத் தொட்டேன், தொடர் பார்த்தேனா. 'பிடிச்சுதா' என்று கேட்காதீர்கள், பத்துக்கு எத்தனை மார்க் என்றும் கேட்காதீர்கள். மார்க் போட்டவர் பிறகு அதைக் காப்பாற்றத்தான் பேசுவார். சீட்டுகளை வாங்கிய பிறகு நிறுத்தியவர்களை முதலில் பேச விடுங்கள். முடித்தவர் முதலில் பேசினால் நிறுத்தியவர் "அப்ப எனக்குத்தான் புரியலபோல" என்று அடங்கிவிடுவார், அந்தக் கருத்து அதோடு போச்சு. எல்லோருக்கும் முன்னால் நிறுத்தியவர் எந்த அத்தியாயத்தில் நிறுத்தினாரோ அதைத் தாண்டி முதல் முக்கால் மணி நேரம் யாரும் வாய் திறக்கக் கூடாது. அதற்குப் பிறகு கதை தெரிய வேண்டாம் என்பவர்கள் டீக்கடைக்குப் போய்வரலாம். உங்கள் வட்டத்தில் காசிமேட்டுக்காரர் ஒருவர் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இரும்புத் தீவு அத்தியாயங்களை அவரிடம் ஒப்படையுங்கள். ஏரன் ஆட்களைக் கடலில் முக்கி மூச்சடக்கித் திரும்ப உயிர் கொண்டுவரும் சடங்கை, கடலோடு பழகிய ஆள் படிக்கும் விதமே தனியாக இருக்கும்.

என் கருத்து எது என்று தனியாகச் சொல்லிவிடுகிறேன். பிரித்த விதம் புத்தகத்தைச் சேதப்படுத்தியது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் செர்ஸியும் ஜேமியும் போரின் பின்விளைவும் அந்தச் சேதத்தைத் தாங்கி நிற்கின்றன. 2006இல் ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது என்பதால், யாருக்குமே பிடிக்காத புத்தகம் என்ற பேச்சும் சரியில்லை. எட்டுச் சீட்டு உங்கள் வட்டத்தைப் பற்றிச் சொல்லும், அவ்வளவுதான். அதை வைத்துப் புத்தகத்தின் தரத்தை அளக்க முடியாது. கால ஓட்டத்தின்படி வெட்டியிருந்தால் நன்றாக வந்திருக்குமா என்பதும் வெறும் யூகம்தான்.

வேகத்துக்கு, முன்னுரை போக இரண்டு வாரத்துக்கு 12 அத்தியாயம் என்று வைத்தால் நாலு கூட்டத்தில் முடியும். இரண்டாவது கூட்டத்தைச் செர்ஸியின் ஐந்தாம் அத்தியாயத்தில் நிறுத்தாமல் ஒன்று தள்ளிப் பிரியெனின் ஐந்தாவதோடு நிறுத்துங்கள், சாமியார் பேச்சு எல்லோர் மனதிலும் சூடாக இருக்கும்போது பேசலாம். துண்டுச் சீட்டுகளைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் வையுங்கள். ஐந்தாவதில் செர்ஸிக்கு இரண்டே அத்தியாயம். அவரை அதிகம் திட்டி எழுதியவர் யாரோ, அந்த இரண்டையும் அவர் படித்துவிட்டு முதலில் பேசட்டும். ஆறாவது இதை எழுதும் நாள்வரை வரவில்லை என்பதையும் ஐந்தைத் தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள்.